காசி நஸ்ருல் இஸ்லாம்

காசி நஸ்ருல் இஸ்லாம் (மே 24, 1899 - ஆகஸ்ட் 29, 1976) வங்காள மொழிக் கவிஞர், இசையமைப்பாளர், இதழாளர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். ஆங்கிலேய ஆட்சிக்கும் சமூக ஏற்றத்தாழ்வுக்கும் சமயப் பகைமைக்கும் எதிராக எழுதிய இவர் வங்காளத்தில் புரட்சிக் கவிஞர் என்று அழைக்கப்படுகிறார். வங்காளதேசத்தின் தேசியக் கவிஞராகவும் போற்றப்படுகிறார். இவர் இயற்றிய பாடல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3000 எனக் கணக்கிடப்படுகிறது. இப்பாடல்கள் நஸ்ருல் கீதி என்னும் தனி இசை மரபாக இன்றும் பாடப்பட்டு வருகின்றன.

1942 ஆம் ஆண்டில், தம் 43 ஆம் வயதில், நஸ்ருல் பேச்சையும் நினைவையும் படிப்படியாக இழந்தார். அதன் பின்னர் 34 ஆண்டுகள் உயிர் வாழ்ந்த போதிலும் அவரால் எதையும் எழுத இயலவில்லை. 1953 இல் வியன்னாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில் அவருக்கு மூளையைச் சுருங்கச் செய்யும் பிக் நோய் இருப்பதாக முடிவு செய்யப்பட்டது. டிமென்சியா எனப்படும் மறதி நோய் வகைகளுள் இதுவும் ஒன்றாகும். இந்நெடிய காலம் முழுவதும் அவரைக் காத்தவர்கள் அவருடைய குடும்பத்தினரே. அவர்களுள் அவர் மனைவி பிரமீளா தேவி, தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்து படுக்கையில் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இளமை

நஸ்ருல் வங்காளத்தின் பர்த்வான் மாவட்டத்தில் ஆசன்சோலுக்கு அருகிலுள்ள சுருலியா என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் தற்போது மேற்கு வங்காள மாநிலத்தின் பச்சிம் பர்த்தமான் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் காசி பக்கீர் அகமது உள்ளூர்ப் பள்ளிவாசலின் இமாமாகவும் அடக்கத்தலம் ஒன்றின் காப்பாளராகவும் இருந்தவர். தாயார் சாகிதா காத்தூன். சிறுவயதில் இவரைத் துக்கு மியா என்று அழைத்தனர். துக்கு என்னும் சொல் துக்கம் என்பதிலிருந்து வந்ததாகும்.

1908 இல் தந்தையார் இறந்தார். அப்போது நஸ்ருலுக்கு வயது ஒன்பது. குடும்ப வறுமை காரணமாகத் தந்தையார் பார்த்து வந்த பணிகளைச் சிறுவனே ஏற்க நேர்ந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பு விடுப்பதும், சிறுவர்களுக்கு எழுத்து கற்பிப்பதும் அவர் வேலையாயின. பின்னர் லெட்டோ எனப்படும் நாட்டுப்புற நாடகக் குழுவில் சேர்ந்தார். நம் ஊர்த் தெருக்கூத்துக் குழுக்களைப் போல ஊர் ஊராகச் சென்று ஆடிப் பாடும் குழு அது. அதற்காகப் பாடல்களும் சிறு நாடகங்களும் எழுதப் பழகினார். இராமாயண, மகாபாரதக் கதைகளையும் புராணங்களையும் இக்காலத்தில்தான் அறிந்து கொண்டார். பிற்காலத்தில் ஒரே கவிதையில் சிவனையும் இசுலாமிய மரபின் உருவகங்களையும் இயல்பாக இணைத்துப் பாட இந்த அனுபவம் அவருக்கு உதவியது.

1910 இல் நாடகக் குழுவை விட்டு மீண்டும் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பு பலமுறை தடைப்பட்டது. இடையில் சமையல் வேலை செய்தார். ஆசன்சோலில் ரொட்டியும் தேநீரும் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். 1914 இல் மைமன்சிங் மாவட்டத்தின் திரிசால் பகுதியில் உள்ள தரிராம்பூர் பள்ளியில் சிறிது காலம் பயின்றார். பின்னர் தம் பகுதிக்கே திரும்பி சியர்சோல் ராஜ் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தார். வங்காளம், சமஸ்கிருதம், அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளை இக்காலத்தில் கற்றார்.

இராணுவப் பணி

1917 இல் பள்ளி இறுதித் தேர்வை எழுதாமல் பிரித்தானிய இந்திய இராணுவத்தின் 49 ஆவது வங்காளப் படைப்பிரிவில் சேர்ந்தார். கராச்சிப் பாசறையில் பணியாற்றி அவில்தார் நிலைக்கு உயர்ந்தார். போர்முனைக்கு அவர் அனுப்பப்படவில்லை. பாசறையில் கிடைத்த ஓய்வு நேரத்தில் ஆபீசு முதலிய பாரசீகக் கவிஞர்களைப் படித்தார். அவரது முதல் உரைநடைப் படைப்பும் முதல் கவிதையும் 1919 இல் வெளிவந்தன. 1920 இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் கல்கத்தாவில் குடியேறினார்.

இலக்கியமும் போராட்டமும்

கல்கத்தாவில் முசாபர் அகமதுவுடன் தங்கியிருந்தார். முசாபர் அகமது பின்னாளில் இந்தியப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர். இருவரும் இணைந்து 1920 இல் நவயுகம் என்னும் நாளிதழை நடத்தினர். 1921 டிசம்பர் இறுதியில் நஸ்ருல் வித்ரோகி (கலகக்காரன்) என்னும் நெடுங்கவிதையை எழுதினார். தமிழகத்தில் சுப்பிரமணிய பாரதியார் மறைந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. 1922 சனவரியில் பிஜ்லி இதழில் வெளியான இக்கவிதை 22 வயது இளைஞரை ஒரே நாளில் புகழ் பெறச் செய்தது. அதே ஆண்டில் அக்கினிவீணை என்னும் அவரது முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது.

1922 ஆகஸ்டில் தூமகேது (வால்வெள்ளி) என்னும் இதழைத் தொடங்கினார். அதில் வெளியான அரசியல் கவிதை ஒன்றுக்காக அதே ஆண்டு நவம்பரில் கோமில்லாவில் கைது செய்யப்பட்டார். 1923 சனவரியில் அவருக்கு ஓராண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஊக்லி சிறையில் கைதிகள் மோசமாக நடத்தப்படுவதை எதிர்த்து ஒரு மாதத்துக்கும் மேலாக உண்ணாநோன்பு இருந்தார். இரவீந்திரநாத் தாகூர் தம் வசந்தம் என்னும் இசை நாடகத்தை அவருக்குக் காணிக்கையாக்கினார். உண்ணாநோன்பைக் கைவிடுமாறு தந்தியும் அனுப்பினார். 1923 டிசம்பரில் நஸ்ருல் விடுதலையானார். யுகவாணி, விசமுள்ள புல்லாங்குழல், உடைத்தலின் பாடல், பிரளயச் சுடர், சந்திரபிந்து ஆகிய பொருள்படும் அவருடைய ஐந்து நூல்களை ஆங்கிலேய அரசு வெவ்வேறு ஆண்டுகளில் தடை செய்தது.

1929 டிசம்பரில் கல்கத்தா ஆல்பர்ட் மண்டபத்தில் அவருக்குப் பொது வரவேற்பு அளிக்கப்பட்டது. அறிவியலாளர் பிரபுல்ல சந்திர ராய் தலைமை வகித்தார். சுபாசு சந்திர போசும் அதில் உரையாற்றினார்.

குடும்பம்

நஸ்ருல் 1924 ஏப்ரல் 25 அன்று பிரமீளா தேவியை மணந்தார். பிரமீளாவின் இயற்பெயர் ஆசாலதா சென்குப்தா. தந்தையை இழந்த அவர் தாயார் கிரிபாலா தேவியுடன் கோமில்லாவில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். இசுலாமியக் கவிஞர் ஒருவர் இந்துப் பெண்ணை மணந்ததை இரு சமூகத்தாரிலும் பலர் எதிர்த்தனர். மணமகள் மதம் மாறவில்லை. கிரிபாலா தேவி சுற்றத்தாரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மகளுடனேயே வந்து தங்கி அக்குடும்பத்தை நடத்தினார். கைம்பெண்ணான அவர் தம் சமய ஒழுக்கங்களை அவ்வீட்டிலேயே கடைப்பிடித்து வந்தார்.

இத்தம்பதியருக்கு நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தனர். நஸ்ருல் அவர்களுக்கு இரு சமய மரபுகளிலிருந்தும் பெயர் சூட்டினார். முதல் மகன் கிருஷ்ண முகமது குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். இரண்டாம் மகன் அரிந்தம் காலித் வீட்டில் புல்புல் என்று அழைக்கப்பட்டான். இவன் 1930 இல் பெரியம்மை நோயால் இறந்தான். மகனின் நோய்ப்படுக்கை அருகில் அமர்ந்து நஸ்ருல் ஆபீசின் நாலடிப் பாடல்களை வங்காளத்தில் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். அந்நூலை அம்மகனுக்கே காணிக்கையாக்கினார். எஞ்சிய இரு மகன்களுள் காசி சப்யசாசி கவிதை ஒப்பிப்பில் புகழ் பெற்றார். காசி அனிருத்தர் கிதார் இசைக் கலைஞரானார்.

இசைப்பணி

1920களின் பிற்பகுதியில் நஸ்ருலின் கவனம் இசையை நோக்கித் திரும்பியது. வங்காளத்தில் கசல் பாடல்களைப் பரப்பியவர் இவரே. 1928 இல் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தில் பாடலாசிரியராகவும் இசைப் பயிற்றுநராகவும் சேர்ந்தார். இசுலாமியப் பாடல்களையும், காளி தேவியைப் போற்றும் சியாமா சங்கீதத்தையும், கண்ணன் பாடல்களையும் ஒருசேர எழுதினார். 1934 இல் வெளியான துருவன் என்னும் வங்காளப் படத்தில் நாரதர் வேடம் ஏற்று நடித்ததுடன் இயக்கத்திலும் பங்கு பெற்றார். 1939 முதல் கல்கத்தா வானொலி நிலையத்துடன் தொடர்பு கொண்டு மரபு இராகங்களை ஆராயும் நிகழ்ச்சிகளை வழங்கினார்.

வருவாய் வந்த ஆண்டுகளில் அவர் தாராளமாகச் செலவு செய்தார். சேமிப்பு எதுவும் வைக்கவில்லை. பின்னாளில் குடும்பம் எதிர்கொண்ட வறுமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

பிரமீளாவின் நோய்

1939 ஆம் ஆண்டளவில் பிரமீளா தேவி நோயுற்று இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. மனைவியைக் குணப்படுத்த நஸ்ருல் ஆங்கில மருத்துவம், நாட்டு மருத்துவம், வழிபாடு எனப் பலவற்றையும் முயன்றார். செலவைச் சமாளிக்கத் தம் இசைத்தட்டு உரிமைத் தொகையையும் நூல்களின் உரிமையையும் 400 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீண்டும் நவயுகம் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். புல்புலின் இறப்புக்குப் பின்னர் ஏற்பட்டிருந்த ஆன்மிக நாட்டமும் தியானப் பயிற்சிகளும் இக்காலத்தில் மிகுந்தன.

பின்னாளில் கவனிக்கப்பட வேண்டியவராக மாறிய கவிஞர், இவ்வாறு மூன்றாண்டுகள் தாமே ஒரு நோயாளியைக் கவனித்தவராக இருந்தார்.

நோயின் தொடக்கம்

1941 ஆகஸ்ட் 7 அன்று தாகூர் மறைந்தபோது நஸ்ருல் இரங்கற் கவிதைகள் இயற்றினார். வானொலியிலும் அஞ்சலி செலுத்தினார். ஓராண்டு முடிவதற்குள் அவரது உடல்நிலை மாறியது. 1942 ஜூலையில் கல்கத்தா வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி ஒன்றில் பேச முற்பட்டபோது அவர் நாக்கு குழறியது. தொடர்ந்து பேச இயலாததால் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த வாரங்களில் பேச்சு மேலும் தடுமாறியது, கையெழுத்து சிதைந்தது, நடத்தையிலும் மாற்றங்கள் தோன்றின.

நோய் இன்னதென்று அறியப்படாத நிலையில் முதலில் ஓமியோபதி மருத்துவமும் பின்னர் ஆயுர்வேத மருத்துவமும் செய்யப்பட்டன. சியாமா பிரசாத் முகர்ஜி அளித்த உதவியால் காற்று மாற்றத்துக்காக மதுப்பூருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பலன் கிட்டவில்லை. 1942 அக்டோபர் அளவில் கல்கத்தாவின் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உளப்பகுப்பாய்வு அறிஞர் கிரீந்திரசேகர போசு தொடர்பு கொண்டிருந்த மருத்துவமனை இது. ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கிருந்தும் முன்னேற்றம் காணப்படாததால் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்.

மூளையைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதிகள் அக்காலத்தில் மிகக் குறைவு. சி.டி. வருடி 1970களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. மேலும் அது இரண்டாம் உலகப் போர்க் காலமாதலால் வெளிநாட்டுச் சிகிச்சையும் இயலாததாக இருந்தது. இதனால் நோயைக் கண்டறியும் வாய்ப்பே பத்தாண்டுகளுக்கு மேல் தள்ளிப் போனது.

வீட்டில் பராமரிப்பு

1942 முதல் 1952 வரையிலான பத்தாண்டுகள் அக்குடும்பத்துக்கு மிகக் கடினமானவை. வீட்டின் ஒரே வருவாயாளர் பேச்சிழந்து இருந்தார். மனைவி படுக்கையில் இருந்தார். மகன்கள் இருவரும் பள்ளிச் சிறுவர்கள். 1943 இல் வங்காளத்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது. 1946 இல் கல்கத்தாவில் பெரும் சமயக் கலவரம் மூண்டது. வாடகை வீடுகளில் மாறி மாறி வாழ்ந்த இக்குடும்பத்துக்கு நண்பர்களும் இரசிகர்களும் அமைத்த உதவிக் குழுவும், அரசு அளித்த மாத உதவித்தொகையும் துணையாக இருந்தன. நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர் மேற்கு வங்காள அரசும் கிழக்குப் பாகித்தான் அரசும் உதவித்தொகை வழங்கின.

வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தொடக்கத்தில் சுமந்தவர் கிரிபாலா தேவி. செயலிழந்த மகள், தன்னிலை மறந்த மருமகன், இரண்டு பேரன்கள் ஆகிய நால்வரையும் கவனிக்க வேண்டியவராக இருந்தார். உதவித்தொகையை அவர் முறையாகச் செலவிடவில்லை என்று வெளியார் சிலர் பேசியதாகவும், அதனால் அவர் மனம் நொந்ததாகவும் வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 1946 இல் அவர் வீட்டை விட்டு வெளியேறினார். அதன் பின்னர் அவரைப் பற்றிய செய்தி எதுவும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு பொறுப்பு பிரமீளா தேவியின் மேல் விழுந்தது. அவர் படுக்கையில் இருந்தபடியே வீட்டு வேலைகளை நடத்தினார். காய்கறி நறுக்கிக் கொடுத்தார். கணவருக்குத் தம் கையால் உணவு ஊட்டினார். பார்க்க வருவோரிடம் பேசுவதும், மருத்துவம் குறித்து முடிவெடுப்பதும் அவர் பணியாயின. கணவரால் ஒரு சொல்லும் மறுமொழியாகக் கூற இயலாத நிலையிலும் இப்பணி 1962 வரை தொடர்ந்தது.

ஆண்டுதோறும் கவிஞரின் பிறந்த நாளில் மக்கள் மாலைகளுடன் திரண்டு வருவது வழக்கமாக இருந்தது. வந்தவர்கள் யாரென்று அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. பாடல்கள் பாடப்படும்போது மட்டும் அவர் முகத்தில் மாற்றம் தெரிந்ததாக அருகில் இருந்தோர் கூறியுள்ளனர். விழா நாள் முடிந்ததும் ஆண்டின் மற்ற நாட்களில் அவரை நீராட்டவும் உண்பிக்கவும் உறங்கச் செய்யவும் வேண்டியவர்கள் வீட்டார் மட்டுமே.

மூத்த மகன் சப்யசாசியை மணந்த உமா காசி செவிலியர் பயிற்சி பெற்றவர். இந்துக் குடும்பத்தில் பிறந்த இவர் மாமியாரையும் மாமனாரையும் சேர்த்துப் பராமரித்தார். பிரமீளாவின் மறைவுக்குப் பின்னர் கவிஞரின் அன்றாடக் கவனிப்பு பெரும்பாலும் இவரிடமே இருந்தது. கவிஞர் டாக்காவுக்குச் சென்றபோது இவரும் உடன் சென்றார். உமா காசி 2020 இல் காலமானார்.

வெளிநாட்டுச் சிகிச்சையும் நோய் முடிவும்

1952 இல் நஸ்ருல் நிராமய சமிதி என்னும் சிகிச்சைக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் நஸ்ருல் ராஞ்சி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில மாதங்கள் கழித்தும் மாற்றம் இல்லை. ஆகவே 1953 மே மாதத்தில் குழுவினர் நிதி திரட்டி அவரை இலண்டனுக்கு அனுப்பினர். பிரமீளா தேவியும் உடன் சென்றார்.

இலண்டனில் இரசல் பிரைன், வில்லியம் சார்கண்ட், வைலி மெக்கிசாக் ஆகிய மருத்துவ வல்லுநர்கள் அவரைப் பரிசோதித்தனர். மூளையைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுக்கும் முறையில் பார்த்தபோது மூளையின் முன் மடல்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது. மூளை அறுவை செய்யலாம் என்று மெக்கிசாக் கருதினார். பிரைன் அதனை ஏற்கவில்லை. தொடக்கத்தில் அளிக்கப்பட்ட சிகிச்சை போதுமானதாக இல்லை என்பதும் அங்கு சுட்டிக்காட்டப்பட்டது.

பின்னர் வியன்னாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு நரம்பியல் மருத்துவர் ஆன்சு ஆப் 1953 டிசம்பர் 9 அன்று மூளை இரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தார். நோபல் பரிசு பெற்ற வாக்னர் யாரெக்கின் மாணவர் இவர். நஸ்ருலுக்கு இருப்பது பிக் நோய் என்றும், குணப்படுத்தும் நிலையை அது கடந்துவிட்டது என்றும் அவர் முடிவு கூறினார். அம்மாதமே நஸ்ருல் இந்தியா திரும்பினார்.

குடும்பத்தைப் பொறுத்தவரை இம்முடிவு இரண்டு வகையில் பொருளுடையது. குணமடைவார் என்ற பதினோரு ஆண்டு நம்பிக்கை அத்துடன் முடிவுற்றது. அதே வேளையில் மருத்துவமனை மாற்றி மருத்துவமனைக்கு அலைய வேண்டிய தேவையும் நீங்கியது. அதன் பின் அக்குடும்பம் செய்யக்கூடியதாக இருந்தது அவரை அமைதியாகவும் தூய்மையாகவும் வைத்துக்கொள்வது ஒன்றே.

பிக் நோய்

இந்நோயைப் பிராகா நகரப் பேராசிரியர் ஆர்னால்டு பிக் 1892 இல் முதன்முதலில் விவரித்தார். தற்போது இது முன்பக்க மடல் மறதி நோய் என்னும் பெரும் பிரிவில் அடக்கப்படுகிறது. ஆல்சைமர் நோயில் பொதுவாக அண்மை நினைவு முதலில் பாதிக்கப்படும். இவ்வகையிலோ நடத்தை, தன்னடக்கம், மொழி ஆகியவை முதலில் பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவதால், வேலையில் இருப்போரையும் சிறு பிள்ளைகளை உடையோரையும் இது தாக்குகிறது. உடல் வலுவாக இருக்கும்போதே மனம் மாறுவதால், நோயை வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமாகவோ பித்தாகவோ சுற்றத்தார் பிழையாக எண்ணுவதும் உண்டு. இந்நோயை நிறுத்தவோ மாற்றவோ இன்றளவும் மருந்து இல்லை.

முன்பக்க மடல் மறதி நோய் உடையோர் அறிகுறி தோன்றிய பின் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குள் இறக்கின்றனர். நஸ்ருல் 34 ஆண்டுகள் வாழ்ந்தது இதற்கு மாறானது. இறந்த பின் மூளைத் திசுவை ஆராய்ந்தே இந்நோயை முழுமையாக உறுதி செய்ய இயலும் என்பதால், 1953 ஆம் ஆண்டின் முடிவு அன்றைய கருவிகளைக் கொண்டு எட்டப்பட்ட முடிவு என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது.

பிரமீளாவின் மறைவு

பிரமீளா தேவி 1962 ஜூன் 30 அன்று கல்கத்தாவில் காலமானார். அவர் விருப்பப்படி கணவரின் பிறந்த ஊரான சுருலியாவில் அடக்கம் செய்யப்பட்டார். ஒருநாள் கணவரும் தம் அருகில் அடக்கம் செய்யப்படுவார் என்பது அவர் எண்ணமாக இருந்தது. அது நிறைவேறவில்லை.

டாக்காவில் இறுதிக் காலம்

1971 இல் வங்காளதேசம் விடுதலை பெற்றது. அந்நாட்டின் பிரதமர் சேக் முசிபுர் ரகுமானின் அழைப்பின் பேரில், இந்திய அரசின் இசைவுடன், 1972 மே 24 அன்று நஸ்ருல் குடும்பத்துடன் டாக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தான்மண்டி பகுதியில் வீடு ஒன்று அவருக்கு அளிக்கப்பட்டது. அவரது பாடல் ஒன்று வங்காளதேசத்தின் தேசிய அணிவகுப்புப் பாடலாக ஏற்கப்பட்டது.

1974 இல் இளைய மகன் அனிருத்தர் இறந்தார். தந்தை அதனை உணரும் நிலையில் இல்லை. 1975 ஜூலையில் உடல்நலம் குன்றிய நஸ்ருல் டாக்காவின் முதுநிலை மருத்துவ நிறுவன மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்து, நுரையீரல் அழற்சியால் 1976 ஆகஸ்ட் 29 அன்று காலமானார். பள்ளிவாசல் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று பாடல் ஒன்றில் அவர் தெரிவித்திருந்த விருப்பத்தை ஒட்டி, டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலுக்கு அருகில் அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

விருதுகளும் நினைவுச் சின்னங்களும்

நஸ்ருல் பெற்ற சிறப்புகள் பலவும் அவர் நோயுற்ற பின்னரே வந்தன. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் செகத்தாரிணி தங்கப் பதக்கம் 1945 இலும், இந்திய அரசின் பத்ம பூசண் விருது 1960 இலும், டாக்கா பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம் 1974 இலும் வழங்கப்பட்டன. 1976 இல் வங்காளதேசக் குடியுரிமையும் ஏகுசே பதக்கமும் அளிக்கப்பட்டன.

திரிசாலிலும் ஆசன்சோலிலும் அவர் பெயரில் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. மேற்கு வங்காளத்தின் அண்டாலில் உள்ள வானூர்தி நிலையத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. சுருலியாவில் அவர் பிறந்த இடத்தில் நினைவு நிலையம் உள்ளது.

இந்தியாவில் மறதி நோய்ப் பராமரிப்பு

நஸ்ருலின் குடும்பம் தனித்து நின்று செய்த பணியை இந்தியாவில் இன்றும் பெரும்பாலும் குடும்பங்களே செய்து வருகின்றன. 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோய் உடையவர்கள். ஆண்களை விடப் பெண்களிடமும், நகரங்களை விடச் சிற்றூர்களிலும் இது மிகுதி. இவர்களைக் கவனிப்போருள் பெரும்பாலோர் மனைவி, மகள், மருமகள் ஆகிய பெண்களே.

இத்துறையில் இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் 1992 இல் கேரளத்தில் தொடங்கப்பட்டது. வளரும் நாடுகளின் மறதி நோயை ஆராய்ந்த 10/66 ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் களப்பணி செய்தது. உலக மறதி நோயாளிகளுள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதைக் குறிக்கவே குழுவுக்கு இப்பெயர் இடப்பட்டது. சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் உதவும் பிரிவு ஒன்றை நடத்துகிறது. மேலூர் வட்டாரத்துத் திருவாதவூர் போன்ற சிற்றூர்களில் வாழ்வோருக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல், மனநலத் துறைகள் அருகில் உள்ளன. 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் படுத்த படுக்கையாக இருப்போருக்கு வீட்டிலேயே வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் அளிக்கப்படுகின்றன.

பராமரிப்பவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரைகள் சில உண்டு. அன்றாட வேலைகளை ஒரே நேரத்தில், ஒரே முறையில் செய்தல். நோயாளியுடன் வாதிடாது இருத்தல். பழகிய இசையைக் கேட்கச் செய்தல். ஒருவரே முழுச் சுமையையும் ஏற்காமல் பகிர்ந்து கொள்ளுதல். கவனிப்பவர் தம் உடல்நலத்தையும் பேணுதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. பண நிர்வாகத்தைக் குடும்பத்தார் கூடித் தொடக்கத்திலேயே தெளிவாக அமைத்துக் கொள்வதும் இன்றியமையாதது. கிரிபாலா தேவியின் முடிவு இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

மதிப்பீடு

நஸ்ருலின் எழுத்து வாழ்க்கை ஏறத்தாழ 23 ஆண்டுகள்; நோய் வாழ்க்கை அதனினும் நீண்டது. இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் 1942 உடன் நின்றுவிடுகின்றன. எஞ்சிய 34 ஆண்டுகளின் வரலாறு கிரிபாலா தேவி, பிரமீளா தேவி, உமா காசி ஆகிய மூன்று பெண்களின் உழைப்பின் வரலாறாகும். இரு சமயத்தாரும் ஒரே குடும்பமாக வாழ இயலும் என்று நஸ்ருல் தம் பாடல்களில் எழுதினார். அவர் எழுத முடியாமற் போன பின்னர், இந்துக் குடும்பங்களிலிருந்து வந்த அம்மூவரும் அதனை அவர் வீட்டில் வாழ்ந்து காட்டினர்.